கூடத்தின் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நம் நாட்டில் மிகப் பழகிய பழமொழி. தன் குறையைத் தான் உணராது, தான் கையாளும் பொருளின்மேலும் நிற்கும் இடத்தின்மேலும் பழி சுமத்துவாரை நகையாடற்கு இதனினும் ஏற்ற மொழி கிடைத்தல் அரிது. யாமும் இளமைதொட்டு இம்மொழியைக் கேட்டும், பிறர்மேல் ஏவியும் வந்தோம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் வெம்பக்கோட்டையை அடுத்த ஒரு சிறு பட்டறையில் யாம் பெற்ற அனுபவத்தின் பின்னர், இப்பழமொழிக்கு மற்றொரு பக்கமும் உண்டென்று எண்ணத் தலைப்பட்டோம். கூடம் சிலபோது மெய்யாகவே கோணலாயிருத்தலும் கூடும். அங்ஙனமாயின், ஆடுபவள் செய்யவேண்டுவது யாது? கோணலுக்கேற்பத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வதா? வேறு கூடம் விலைக்கு வருமளவும் காத்திருப்பதா? அன்றிக் கோணல் எங்கே, எவ்வளவு என்று அளந்து, தன் கையாலேயே அதனை நிமிர்த்திக்கொள்வதா? இவற்றுள் மூன்றாவதே கற்றோர்க்குரிய வழி என்பதும், அவ்வழி நம் கலாசாலைகளிற் பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை என்பதும் எம் கருத்து. அதனை ஈண்டு ஒரு சிறு யந்திரத்தின் வாயிலாக விளக்க முயல்வோம்.

பட்டறைக்காரர் அவ்யந்திரத்தைப் பெல்ட் கிரைண்டர் என்பர். பெல்ட் சாணை எனினும் பொருந்தும். வட்டக்கல்லைச் சுழற்றிக் கத்தியும் அரிவாளும் சாணை பிடிக்கும் பழைய வழக்கத்தை நாமெல்லாம் அறிவோம். இதிலோ கல்லுக்குப் பதிலாக, கடினமான பொடி ஒட்டிய நீண்ட துணிப்பட்டையொன்று இரண்டு மூன்று சக்கரங்களின்மேல் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். எம் பட்டறையிலிருந்த பட்டை 50 மில்லிமீட்டர் அகலமும், ஏறக்குறைய 1830 மில்லிமீட்டர் சுற்றளவும் உடையது. மோட்டார் நிமிஷத்திற்கு 1440 முறை சுழல, அதன் தண்டிற் பொருத்திய 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் பட்டையை இழுக்கும். கணக்கிட்டால், பட்டை நிமிஷத்திற்கு ஏறத்தாழ 680 மீட்டர் ஓடுகின்றது. ஓடும் பட்டை உள்வாங்காதபடி அதன் பின்னே தட்டையான இரும்புத் தகடொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். முன்னே, தேய்க்கவேண்டிய பொருளை வைத்துத் தள்ளுதற்கு ஒரு சிறு மேடை உண்டு. இவ்வளவே இதன் அமைப்பு. எளிய அமைப்பாதலின் பழைய மோட்டாரும் இரும்புச் சட்டங்களும் கொண்டு பலர் தாமே இதனைச் செய்துகொள்கின்றனர். எம் பட்டறையிலிருந்ததும் அத்தகையதே.

அவ்விடுமுறையில் தச்சர் ஒருவர் தமக்குப் பன்னிரண்டு உளிகள் வேண்டுமென்று சொல்லியிருந்தார். பட்டறையின் உரிமையாளராகிய முதியவர் உளிகளை அடித்துத் தோய்ச்சலும் இட்டுத் தந்தார். முகம் தேய்த்து வாய் கூராக்கும் பணி எம்பால் விடப்பட்டது. யாமோ பெளதிக வகுப்பில் தேர்ச்சிபெற்ற செருக்குடன் இரண்டு நாளில் அதனை முடித்தோம். தச்சர் வந்தார், ஓர் உளியை எடுத்துத் தம் மூலைமட்டத்தை அதன் வாயிற் பொருத்தி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தார். மட்டத்திற்கும் உளிக்கும் இடையே ஒளி ஒரு கீற்றாய்த் தெரிந்தது. வேறு நான்கையும் அவ்வாறே பார்த்துவிட்டு, "தம்பி, இதை வைத்து நான் தோண்டுகிற துளை கோணலாகத்தான் வரும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மெல்லக் கூறி எழுந்து சென்றார். அவர் கோபித்திருந்தாலும் எமக்கு இவ்வளவு வெட்கம் உண்டாயிராது. அவர் போனபின், யந்திரம் பழையது, மேடை ஆடுகின்றது, பட்டை அலைகின்றது என்று யாம் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டோம். அது கேட்ட முதியவர், "எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு அலைகிறது? அளந்தீர்களா?" என்று வினவினார். விடைகூற எம்மால் இயலவில்லை. கூடம் கோணல் என்றோமேயன்றி, எவ்வளவு கோணல் என்று பார்த்தோமில்லை.

நிற்க. அளவும் நுண்மையும் மேல்நாட்டு யந்திரங்களோடு வந்தனவென்று நம்மிற் பலர் கருதுகின்றனர். வெம்பக்கோட்டையில் இருந்துகொண்டு அவ்வாறு கருதுதல் எளிதன்று. வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையார் 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக அகழாய்வு தொடங்கினர். அங்கே சங்கு வளையல்களும், வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்குத் துண்டுகளும், பல நிற மணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. திமிலுள்ள காளையின் உருவம் பொறித்த சூதுபவளம் ஒன்றும் வெளிப்பட்டது. சூதுபவளத்தைச் சாதாரண இரும்பு கீறாது; அதனையொத்த அல்லது அதனினும் கடினமான பொடியைக்கொண்டு தேய்த்தே அதில் உருவம் எழுப்பல் கூடும். விரல்நுனியளவான அக்கல்லிற் காளையின் திமில் பிறழாது அமைந்ததெனின், அதனைச் செய்தவன் கல்லையும் கருவியையும் அசையாது நிறுத்தும் வகையறிந்தவனாதல் வேண்டும்.

சங்கறுத்தல் சங்கப் பாடல்களிலும் காணப்படும் தொழில். அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் சங்கினை அறுக்கும் கூரிய அரத்தைக் குறிக்கின்றார். சென்னை மாகாணத்து மீன்துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் 1914-இல் சங்கினைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வங்காளத்துச் சங்கறுப்போர் நிலத்தில் நட்ட முளையிற் சங்கை முட்டக்கொடுத்து, காலால் அழுத்திப் பிடித்து, பிறைவடிவான பெரிய வாளால் அறுத்த முறையை அவர் விவரித்திருக்கின்றார். அந்த முளை யாது? வாளின் குறையைத் தீர்த்த துணைக்கருவியே அன்றோ? வாள் தானே நேராகச் செல்லாது. சங்கோ உருண்டு வழுக்குவது. இரண்டிற்கும் நடுவே ஒரு மரமுளையை நட்டவன், விலையின்றி நுண்மையைப் பெற்றான்.

இன்னுமொன்று. எம் சாணைப் பட்டையில் ஒட்டியிருந்த பொடி அலுமினியம் ஆக்ஸைடு. அஃது இயற்கையிற் கல்லாகக் கிடைக்குங்கால் குருந்தம் எனப்படும். ஆங்கிலத்திற் கொரண்டம் என்று வழங்கும் பெயர் நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. குருந்தப் பொடியை அரக்கிற் குழைத்துச் சாணை வட்டாக்கி மணிகளுக்கு மெருகிடும் தொழிலை நம் நாட்டு வினைஞர் நெடுங்காலமாக அறிவர். ஆகவே, நிமிஷத்திற்கு 680 மீட்டர் ஓடும் அப்பட்டையும் நமக்கு முற்றும் அயலானதன்று.

இனி, கோணலைத் தேடிய கதைக்கு வருவோம். முதலில் மூலைமட்டத்தையே ஐயுற வேண்டியதாயிற்று. மட்டம் பிழையாயின் அதைக்கொண்டு திருத்தியன யாவும் பிழையாகும். பிழையற்ற மற்றொரு மட்டம் எம்மிடம் இல்லை. இல்லாதபோது எதனோடு ஒப்பிடுவது? இதற்கு முதியவர் காட்டிய வழி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. நேரான விளிம்புள்ள பலகையொன்றில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கீறவேண்டும். பின்னர் மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கீறவேண்டும். மட்டம் செவ்வையானதாயின் இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அன்றாயின் விலகும், அவ்விலகல் மெய்யான பிழையின் இருமடங்காயிருக்கும். எம் மட்டத்தில் 100 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தது. எனவே பிழை அரை மில்லிமீட்டர். அரத்தால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து, இரு கோடுகளும் ஒன்றாகும்வரை அதனைத் திருத்தினோம். பிழையுள்ள கருவி தன் பிழையைத் தானே அறிவிக்கும்படி செய்யலாம் என்பதும், அவ்வாறு செய்யுங்கால் அதனை இரட்டித்துக் காட்டும் என்பதும் யாம் அன்று கற்ற முதற் பாடம்.

அடுத்து மேடை. திருத்திய மட்டத்தை வைத்துப் பார்க்க, மேடை பட்டைக்குச் செங்குத்தாயில்லாமல் ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்திருந்தது. ஒரு பாகைதானே என்று எண்ணற்க. பத்து மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பில் அஃது 0.17 மில்லிமீட்டர் பிழையாகும். தச்சர் கண்ட ஒளிக்கீற்றிற்கு அது போதும். பழைய மேடையை நீக்கிவிட்டு, கனத்த ஆங்கிள் இரும்பில் புதிய மேடை செய்தோம். அதனை இறுக்கும் போல்ட்டுகளோடு, அடியிலிருந்து தள்ளும் இரண்டு சிறு திருகுகளையும் அமைத்தோம். இத்திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சாய்வைத் தீர்த்தபின் போல்ட்டுகளை இறுக்கிவிடலாம். மேடை செவ்வையானதா என்று சோதிக்கவும் புரட்டும் முறையே உதவிற்று. இரண்டு இரும்புத் துண்டுகளின் விளிம்பை அதன்மேல் வைத்துத் தேய்த்து, அவ்விளிம்புகளை எதிரெதிராகச் சேர்த்தால், இடைவெளி பிழையின் இருமடங்காகத் தோன்றும். ஒளி தெரியாதவரை திருத்தினோம். மேடைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியையும் இரண்டு மில்லிமீட்டருக்குட் குறைத்தோம். அதிக இடைவெளி பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும், விரலையும் இழுக்கும்.

மூன்றாவது குறை பட்டையின் பின்னுள்ள தகட்டில் இருந்தது. பட்டை ஓடி ஓடி, அதன் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. குழிந்த முதுகின்மேல் ஓடும் பட்டை தட்டையான முகத்தை எங்ஙனம் தரும்? தேய்வை நிறுத்த எம்மால் இயலாது. தேய்ந்ததை மாற்றுவது எளிதாகும்படி செய்ய இயலும். ஆதலின் தனியே ஒரு முகத்தகடு செய்து, தலை உள்ளடங்கிய இரண்டு திருகுகளால் அதனைப் பழைய தகட்டின்மேற் பொருத்தினோம். அதைத் தட்டையாக்குதற்குக் கனத்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, தகட்டின் முகத்தில் மையைப் பூசித் தேய்த்தோம். மை எங்கே எஞ்சுகின்றதோ அங்கே பள்ளம். மை முழுதும் ஒருங்கே நீங்கியபோது வேலை முடிந்ததென்று அறிந்தோம்.

நான்காவது குறை எம் கையே. மேடை செவ்வையானாலும், தகடு தட்டையானாலும், எவ்வளவு தள்ளினோம் என்பதைக் கை அறியாது. ஆகவே மேடையின்மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் ஒரு சிறு வண்டியும், அதனைக் குறித்த இடத்தில் தடுத்து நிறுத்தும் ஒரு திருகும் அமைத்தோம். கடையிற் கிடைக்கும் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னேறும். அதன் தலையில் ஒரு வட்டத் தகட்டை ஒட்டி விளிம்பை இருபது பாகமாகக் கோடிட்டால், ஒவ்வொரு கோடும் 0.05 மில்லிமீட்டர். மரைக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுக்காதிருக்க, ஒரு சுருள்வில் எப்போதும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும்படி செய்தோம். பெளதிகச் சாலையில் யாம் பலகாலும் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, பின்னர் மறந்த திருகு அளவியின் தத்துவம் இதுவே. பரீட்சைக்குப் படித்தபோது புலப்படாத அதன் அழகு, இரும்புத் தூசியின் நடுவே புலப்பட்டது.

ஐந்தாவது உளியின் சாய்வு. உளிவாய் 25 பாகை இருக்கவேண்டும். கண்ணால் பார்த்துப் பிடித்தால் ஒன்று 22, மற்றொன்று 28 ஆகின்றது. எம் யந்திரத்தைப் படுக்கையாகச் சாய்த்துப் பட்டையைக் கிடையாக்கலாமாதலின், உளியை 25 பாகைச் சரிவில் தாங்கும் பலகையொன்றே வேண்டுவதாயிற்று. ஒரே பருமனுள்ள இரண்டு உருளைகளை 100 மில்லிமீட்டர் இடைவிட்டுப் பலகையின் அடியிற் பொருத்தினோம். ஓர் உருளையின் கீழ் ஒரு கட்டையை வைத்தால் பலகை சாயும். கட்டையின் உயரம் 100-ஐ அக்கோணத்தின் ஸைனால் பெருக்கிய தொகை. முப்பது பாகைக்கு 50 மில்லிமீட்டர். இருபத்தைந்து பாகைக்கு 42.3 மில்லிமீட்டர். வெர்னியர் கொண்டு அளந்து அவ்வுயரத்திற்குக் கட்டை வெட்டினோம். திரிகோண கணிதம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பிற் கேட்டு நகைத்த நண்பர் ஒருவரே அக்கட்டையை வெட்டியவர் என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்கின்றோம்.

இவ்வளவும் செய்தபின் வெற்றி வந்ததென்று கூற விரும்புகின்றோம். ஆயின் முதலில் வந்தது மற்றொரு தோல்வி. புதிய அமைப்பில் தேய்த்த முதல் மூன்று உளிகளின் வாயும் நீலம் பாய்ந்தன. எஃகு ஏறத்தாழ 230 பாகை வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 பாகை அளவில் நீலமும் கொள்ளும். நீலம் பாய்ந்த வாய் உறுதி இழந்து விரைவில் மழுங்கும். முன்பு கையாற் பிடித்தபோது இவ்வாறு நேரவில்லையே, ஏன்? விரல் சுட்டவுடன் யாம் உளியைத் தண்ணீரில் தோய்த்துவந்தோம். இப்போது உளியைப் பிடித்திருப்பது இரும்பு வண்டி. அதற்குச் சுடுவது தெரியாது. துணைக்கருவி எம் கையின் நடுக்கத்தை நீக்கியபோது, கையின் உணர்ச்சியையும் உடன் நீக்கிவிட்டது. பின்னர், பட்டையில் மூன்று முறை தொட்டவுடன் நான்காவது தண்ணீர் என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டோம். தண்ணீர்ப் பாத்திரத்தை மோட்டாருக்கும் மின்கம்பிக்கும் எட்டாத் தொலைவில் வைத்தோம். அதன்மேலேயே உளிகள் நன்கு அமைந்தன. முன்னர் ஒன்றற்கொன்று அரை மில்லிமீட்டர் வேறுபட்ட கனம், இப்போது பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று.

இதற்கு மேலும் இவ்யந்திரத்தினிடம் எதிர்பார்த்தல் தகாது. துணிப்பட்டை மெல்லியது, அழுத்தினால் நெளியும், விளிம்புகளைச் சிறிது உருட்டிவிடும், அதன் ஒட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தட்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வேண்டுவோர் அதற்கென்றே அமைந்த ஸர்பேஸ் கிரைண்டரை நாடவேண்டும். கருவியின் எல்லையை அறிதலும் கருவியை அறிதலின் ஒரு கூறே.

இனி, எம் கருத்தை மறுப்பார் கூறுவனவற்றை நோக்குவோம். இத்தகைய துணைக்கருவிகள் யாவும் நன்கு செய்யப்பட்டு விலைக்குக் கிடைக்கும்போது, கல்லூரி மாணவர் இரும்பை அராவிக் காலம் கழிப்பது வீண் என்பார் ஒரு சாரார். கையே சிறந்த கருவி, பழகிய கைக்கு மட்டமும் வேண்டா திருகும் வேண்டா, இவையெல்லாம் கையைச் சோம்பலாக்கும் என்பார் மற்றொரு சாரார்.

பின்னையோர்க்கு விடை முன்னரே ஓரளவு கூறினோம். நீலம் பாய்ந்த மூன்று உளிகளை எண்ணும்போது, அவர் கூற்றில் உண்மை உண்டென்று ஒப்புகின்றோம். வளைந்த அரிவாளைத் தேய்ப்பதற்கு எம் வண்டியும் திருகும் பயன்படா. அங்கே முதியவரின் கையே வேண்டும். ஆயினும், ஒருவர் கையில் மட்டும் தங்கிய நுண்மை அவரோடு மறையும். 1800-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் கடைசற் பொறியில் உளியைக் கையிற் பிடியாமல் வழுக்குச் சட்டமொன்றில் இறுக்கி ஓட்டும் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். திருகுகள் ஒன்றுபோல் ஒன்று அமையத் தொடங்கியது அதனாலேயே. அவர் பட்டறையிற் பணிசெய்த ஜோஸப் விட்வர்த், மூன்று தகடுகளை மாறிமாறி ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டியே மெய்யான சமதளம் பெறலாம் என்பதை 1840-இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர் அவையொன்றில் விளக்கினார். முதியவர் எமக்குக் காட்டிய, மட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் முறைக்கு அது நெருங்கிய உறவு. பெரும் யந்திரசாலைகளின் அடித்தளத்தில் இத்தகைய கைச்செய் உபாயங்களே கிடக்கின்றன.

முன்னையோர்க்கு, அதாவது விலைக்கு வாங்கலாம் என்பார்க்கு, விடையை நம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலிலேயே காண்கின்றோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று மீண்டு, மறு ஆண்டு சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கியதை யாவரும் அறிவர். கையால் தீப்பெட்டி செய்யும் முறையில் குச்சிகளை அடுக்கும் சட்டம் ஒன்றுண்டு. வரிப்பள்ளங்கள் வெட்டிய பலகைகள் பல அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. அடுக்கி இறுக்கியபின் எல்லாக் குச்சிகளின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்க, ஒருங்கே மருந்தில் தோய்க்கலாம். எத்துணை எளிய, எத்துணை அறிவுள்ள அமைப்பு! ஆயினும் அதன் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அடுக்குபவர்க்குத் தேர்ச்சி வேண்டாதபடி சட்டம் அமைந்தமையால், சென்ற நூற்றாண்டில் பள்ளியில் இருக்கவேண்டிய சிறுவர் சிறுமியர் பலர் அதன்முன் அமர்த்தப்பட்டனர். சட்டத்தை நினைந்து செய்தவர் வேறு. நாள் முழுதும் அடுக்கியவர் வேறு. முன்னவர் கருவிக்குத் தலைவர்; பின்னவரோ கருவிக்குத் துணைக்கருவி ஆயினர்.

யாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. துணைக்கருவி நல்லதா தீயதா என்பது வினாவன்று. அதன் காரணம் யார் மனத்தில் இருக்கின்றது என்பதே வினா. விலைக்கு வாங்கிய வண்டியைக்கொண்டும் உளி தேய்க்கலாம். ஆயின் அது பிழைபடும் நாளில், பிழை எங்கே பிறந்ததென்று நமக்குத் தெரியாது. தானே செய்தவனுக்கு அது தெரியும். தெரிந்தவன் பிறர்க்கும் சொல்லித் தருவான்.

இக்கருத்து நம் பக்கத்தில் நுண்மையோடு நில்லாது உயிரையும் தொடுகின்றது. சாணையிலிருந்து பறக்கும் பொறி யாது? காற்றில் எரியும் இரும்புத் துகள். கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்ச் சிதறுவதும் அதே இரும்புத் துகளே. மருந்து கையாளும் அறைகளில் இரும்புக் கருவிகளை விலக்கி, மரத்தாலும் பித்தளையாலும் ஆனவற்றைக் கொள்வதன் காரணம் இதுவே. அத்தகைய இடங்களுக்கு அருகில் சாணையை ஓட்டுதலும், சாணைத் தூசி படிந்த உடையோடு அங்கே புகுதலும், மருந்து படிந்த உடையோடு சாணையின் முன் நிற்றலும் ஒருபோதும் ஆகா. அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே யந்திரத்தில் தேய்த்து, தூசியைக் கலந்து கிடக்கவிடுதலும் பெருந்தீங்கு. அலுமினியத் துகளும் இரும்புத் துருவும் கலந்த இடத்தில் பொறி விழுந்தால் கடும் வெப்பத்துடன் எரியும். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்திற் பலர் மாண்டதை இப்பக்கத்தார் மறக்க இயலாது. காரணமறியாது விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், அவசரம் வந்தபோது விதியை நழுவவிடுவார். காரணம் அறிந்தவர் எளிதில் நழுவவிடார். கண்ணாடியின்றிச் சாணையின் முன் நில்லாமையும், கையுறை அணிந்து ஓடும் பட்டையைத் தொடாமையும், மூக்கைத் துணியால் மறைத்துக்கொள்ளுதலும் இவ்வகையைச் சார்ந்தனவே.

ஆதலின் நம் கலாசாலைக்கு யாம் பணிவுடன் வேண்டிக்கொள்வது பெரிதன்று. பெளதிகச் சாலையின் ஒரு மூலையில் ஒரு பணிமேசை, ஒரு பிடிசிராவி, சில அரங்கள், ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு நல்ல வெர்னியர். விஞ்ஞான வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்றாண்டில் ஒருமுறையேனும், தாம் கையாளும் யாதேனும் ஒரு கருவியின் பிழையை அளந்து, அதனைத் தீர்க்கும் துணைக்கருவி ஒன்றைத் தம் கையாற் செய்தல் வேண்டும். மதிப்பெண் வழங்குங்கால் பொருளின் மெருகை நோக்காது, பிழையைக் கண்ட முறையையும், செய்தபின் எஞ்சிய பிழையை மறையாது எழுதிய நேர்மையையும் நோக்குதல் வேண்டும். இலக்கிய வகுப்பு நண்பர்களும் விலகி நிற்க வேண்டுவதில்லை. சங்கறுக்கும் அரத்தைப் பாட்டில் வைத்த புலவர், அத்தொழிலை அருகிருந்து பார்த்தவராதல் வேண்டும். பழைய மாணவர்களாகிய பெரியோர் பலர் இன்று ஆலைகளையும் அச்சகங்களையும் நடத்துகின்றனர். அவர்கள் தம் பட்டறையிற் கழித்துப் போடும் ஒரு மோட்டாரும் சில சட்டங்களும் தந்தால், முதற் சாணையை மாணவரே கட்டிக்கொள்வர்.

விடுமுறை முடியுமுன் தச்சருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து, முன்போலவே ஒவ்வோர் உளியையும் மட்டத்தில் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தார். பன்னிரண்டையும் பார்த்து முடிக்கும்வரை எம்மில் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அவற்றைச் சாக்கிற் சுற்றிக்கொண்டே, "அரை அங்குலத்தில் ஆறு வேண்டும் தம்பி, ஆடிக்குள் முடியுமா?" என்றார். யந்திரம் அதே பழைய யந்திரம்; மோட்டாரும் அதுவே. கோணல் எவ்வளவென்று கேட்டு அளந்ததும், அளந்ததைத் தீர்த்ததுமே வேறு. கூடம் கோணல் என்று கூறும் உரிமை அவ்வாறு அளந்தவர்க்கே உண்டு. அவ்வுரிமையை நம் மாணவர் அனைவரும் தம் கையாற் பெற முயல்வோமாக.